வளைகூரையின் மேல் கிடந்த சுமை

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளோ என்னும் எண்ணத்தை ஆண்டவர் அங்கே மறுத்துவிடுகிறார். அக்கோபுரத்தைக் கட்டியவர் யார், அதன் விரிசலை முன்னரே கண்டவர் எவரேனும் உண்டோ என்பதை நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை. நிலநடுக்கத்தில் ஒரு பழைய கட்டடம் விழுந்தது எனக் கேள்வியுறும்போது, நம் உள்ளம் அந்த வினாவையே நாடுகிறது.

இத்தாலியில் அசிசி நகரம் 1997 செப்டம்பர் 26 அன்று பின்னிரவில் அதிர்ந்தது. சேதத்தைப் பார்வையிடக் காலையில் சிலர் புனித பிரான்சிஸ் பேராலயத்துள் சென்றனர். முற்பகல் 11.42க்கு நிலம் மீண்டும் நடுங்க, மேல்கோவிலின் வளைகூரையில் இரு பகுதிகள் இடிந்து வீழ்ந்தன. பிரான்சிஸ்கன் துறவியர் இருவரும், வல்லுநர் இருவரும் உயிரிழந்தனர்.

பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: வளைகூரையின் முதுகில், மேற்கூரைக்குக் கீழே, உடைந்த ஓடுகளும் கற்சிதறல்களும் குவிந்து கிடந்தன. நூற்றாண்டுக் கணக்கில் கூரையைப் பழுதுபார்த்தவர்கள் கழிவைக் கீழே இறக்காமல் அங்கேயே விட்டுச் சென்றிருந்தனர். நிலம் அசைந்தபோது அக்குவியல் சரிந்து, வளைவின் வடிவத்தையே குலைத்தது. கீழே நின்று ஓவியங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அச்சுமை ஒருநாளும் தெரிந்ததில்லை. குப்பை அகற்றப்பட்டு, வளைவின் மேற்புறம் வலிய செயற்கை இழைகளால் ஆன விலாக்கள் பொருத்தப்பட்டு, 1999 நவம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

அக்கழிவை விட்டுச் சென்ற கொத்தர்கள் குற்றவாளிகளா? அல்லர் என்றே கருதுகிறோம். தவிர்க்க இயலாத அறியாமை பாவமாகாது என்பது ஒழுக்க இறையியலின் பழம்பாடம். ஆனால் அறிந்தபின் வாளாவிருப்பவரின் நிலை வேறு. திருப்பலியின் தொடக்கத்தில் கடமையில் தவறியதையும் நாம் அறிக்கையிடுகிறோம். அப்போது சுவரின் விரிசல் நம் நினைவுக்கு வந்ததுண்டா? கோபுரத்துக்கு வண்ணம் பூசப் பணம் எளிதில் சேரும். சுவருக்குள் சுண்ணக்காரை செலுத்தப் பணம் கேட்டால் கைகள் தயங்கும். நம்மைப் போன்ற பங்குத்தந்தையருக்கு இது புதிதன்று.

நல்லெண்ணம் மட்டும் இருந்தாலும் போதாது. 1979ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின், அசிசி அமைந்துள்ள உம்பிரியா மாநிலத்தில் பல கல்வீடுகளின் மரக்கூரையை அகற்றிக் கான்கிரீட் இட்டனர். 1997இல் செல்லானோ என்னும் ஊரில் அந்தப் பளுவே வலுவற்ற சுவர்களுக்குக் கேடாயிற்று. வலுவூட்டுவதாக எண்ணிச் சுமையை ஏற்றிவிட்டார்கள். எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டி, வெளியே தகடு வைத்து முடுக்கும் பழைய முறையின் அருமை அதன்பின் நன்கு உணரப்பட்டது.

2016 ஆகஸ்ட் 24 இரவில் அமத்ரிச்சே என்னும் சிற்றூர் அழிந்தது. அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலுமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். மிகத் தொலைவில் இல்லாத நோர்சியாவில் ஒருவரும் இறக்கவில்லை. தொலைவும் அதிர்வின் போக்கும் அதற்குக் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முந்தைய நிலநடுக்கங்களுக்குப் பின் நோர்சியாவில் வீடுகள் பல வலுப்படுத்தப்பட்டிருந்தன என்பதும் உண்மை. அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று இன்னும் கடுமையான, 6.5 அளவுள்ள அதிர்வு அவ்வூரையே தாக்கியது. அப்போதும் வீடுகளில் பெரும்பாலானவை நின்றன, உயிர்ச்சேதம் இல்லை. வீழ்ந்தது புனித ஆசீர்வாதப்பர் பேராலயம்.

அப்புனிதர் பிறந்த இடமாகப் போற்றப்படும் கோவில் அது. அதற்காக வருந்துகிறோம். ஆனால் வீடுகளை முதலில் கட்டிக் காத்தது தவறு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அதேவேளையில் வேறொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நேரம் காலை 7.40. மணியடித்து மக்களை உள்ளே அழைப்பவர்கள் நாமல்லவா? அன்று கோவிலுக்குள் எவரும் இல்லை. வெளியே சதுக்கத்தில் துறவியரும் அருட்சகோதரியரும் ஊராரும் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தார்கள். கோவிலில் நின்றது முன்சுவர் மட்டுமே.