அகம் இரண்டும் தூயதாகுக

தமிழில் 'அகம்' என்னும் சொல் மனையையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். ஒன்று தூயதாயிருந்து மற்றொன்று மாசடைந்திருப்பின் வாழ்க்கை செம்மையுறுவதில்லை.

குற்றாலத்தருவியில் நீராடிச் சந்நிதிக்கு வரும் அன்பர்களிற் பலர், "வீட்டில் நிம்மதியில்லை, என்ன பரிகாரம் செய்யலாம், சுவாமி?" என்று வினவுகின்றனர். கடன், உடன்பிறந்தாரோடு பிணக்கு, பிள்ளைகளைப் பற்றிய கவலை எனக் காரணங்கள் பல. கிரகங்களைக் குறை கூறுமுன் கிருஹத்தைச் சற்று நோக்குதல் நன்று.

திருமலையில் யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்கிற்கும் முன்னதாகக் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் என்னும் கைங்கர்யம் நடைபெறுகிறது. மூலவரை வஸ்திரத்தால் மறைத்து, கர்ப்பக்கிருஹத்தைக் கழுவி, சுவர்களிற் பரிமளத் திரவியம் பூசுவர். எம்பெருமான் எழுந்தருளியுள்ள இடத்திற்கும் மாசு உண்டோ எனின், உண்டு. பக்தியோடு ஏற்றிய விளக்கின் புகையே கரியாகப் படிகிறது. இல்லறமும் அத்தகையதே. உரிமையோடு கூறிய சொல்லே நாளடைவில் கடுஞ்சொல்லாகிறது. பொறுப்பினால் எழுந்த கவலையே சினமாகிறது. மாசு படிதல் இயல்பு. படிந்ததை நோக்காதிருத்தலே குற்றம்.

நோக்கும் வழி யாது? அலகிடுவோன் குனிந்தே ஆகவேண்டும். குனிந்தவனுக்கே மூலையிலுள்ளது புலப்படும். பெட்டியை நகர்த்தினால், தம்பியிடம் திருப்பித் தர மறந்த பத்திரம் கிடைக்கலாம். கை வீட்டைத் துலக்குகையில், "இப்பிணக்கில் என் பங்கு எவ்வளவு?" என்று மனமும் வினவுமாயின் பாதி முடிச்சு அவிழும். எஞ்சிய பாதி நம் கையிலில்லை. அதனை எம்பெருமான் திருவடியிற் சேர்ப்பிக்கலாம். தன் பங்கை மறைத்துக்கொண்டு அனைத்தையும் அவன்மேற் சுமத்துவதைச் சரணாகதி என்பது பொருந்தாது.

இங்ஙனம் குனிந்தவர் ஒருவரைத் தென்காசியே அறியும். 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்த பராக்கிரம பாண்டியர், அவ்வாலயத்திற்குப் பிற்காலத்தே குறை நேரின் அதனை நீக்கிக் காப்போரைத் தாம் பணிவதாகக் கல்வெட்டிற் பொறித்துள்ளார். தாம் எடுப்பித்ததற்கும் குறை வரக்கூடும் என்றுணர்ந்து, திருத்துவோர்க்கு முன்கூட்டியே முடி தாழ்த்தினார் அம்மன்னர். நம் இல்லத்தில் குறையைச் சுட்டிக்காட்டும் மனைவிக்கோ மகனுக்கோ நாம் செவி சாய்க்கின்றோமா?

உற்சவம் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள் நாள்தோறும் ஒரு மூலையையேனும் துலக்குக. இரவில் விளக்கடியில் அமர்ந்து, அன்று யாரை வருத்தினோம் என்று எண்ணுக. மறுநாட்காலை அவரிடம் முதற்சொல் நம்முடையதாகுக. அத்தகைய அகங்களில் எம்பெருமான் உவந்து எழுந்தருள்வான்.

சுபம்.