மணிமலரும் கரிசல் மண்ணும்

ஆல்ப்ஸ் மலைப் பாறை இடுக்குகளில் நீலமாய்ப் பூப்பது காம்பானுலா. இலத்தீனில் சிறுமணி என்று பொருள். பனிக்காலத்தில் அது உறங்க வேண்டும். கோடையிலும் இரவு குளிர வேண்டும். வேரடியில் நீர் தேங்கலாகாது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானலிலிருந்து இத்தகைய குளிர்நிலச் செடிகளை நம்மவர் தொட்டியோடு சிவகாசிக்குக் கொண்டுவரக் காண்கிறோம். இங்கோ நூறு மீட்டர் உயரந்தான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாய்ப்பாய் அமைந்த வறண்ட வெயில். செடி வாடுகிறது. மனம் பொறாமல் இருவேளையும் நீர் வார்க்கிறார்கள். தொட்டியில் இட்ட கரிசல் மண் நீரை விடாது பிடித்துக்கொள்ள, வேர் அழுகிவிடுகிறது. காட்டிய பரிவே சாவுக்குக் காரணமாகிறது!

இதனை அன்பு என்போமா? பகலெல்லாம் பட்டாசு மருந்தில் உழைத்துத் திரும்பும் பெண், தன் வாசலில் ஒரு பூவைக் காண விரும்பினால் குறைகூற நமக்கு உரிமையில்லை. அழகுக்கான பசியும் பசியே. ஆயினும் நமக்கு வேண்டியதை மட்டுமே எண்ணுகிறவர் தொட்டியை மாற்றுவார், உரத்தை மாற்றுவார். அச்செடிக்கு என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார். (பிள்ளைகளின் படிப்பிலும் நாம் இப்படித்தானே?) கேட்டால், அதனை மலையிலேயே விட்டுவர நேரும். அது எளிதன்று.

வேலியோரத்தில், எவரும் நீரூற்றாத ஆவாரை மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது. அதனை ஒருவரும் தொட்டியில் வைப்பதில்லை.