பதற்ற நோயும் பத்தி நெறியும்

உடம்பிற்குச் சுரம் வந்துழி மருத்துவனை நாடுதல் சிவபத்திக்கு இழுக்கென்று கூறுவார் நம்முள் ஒருவரும் இலர். கண்ணிற் படலம் படர்ந்தால் அறுவை செய்துகொள்கின்றோம். நீரிழிவிற்கு நாள்தோறும் மருந்துண்கின்றோம். ஆயின் உள்ளத்தைப் பற்றிய நோய் என்ற அளவில் நம்மவர் பலருடைய நா வேறு பேசுகின்றது. "அஞ்செழுத்து ஓதுவார்க்கு அச்சம் ஏது? திருநீறு அணிந்தார்க்குக் கலக்கம் ஏது? கலங்கினாரெனின் அவர்தம் பத்தியிற் குறையுண்டு" என்கின்றனர். இச்சொற் கேட்ட நோயாளர் தம் துன்பத்தை மறைக்கின்றனர். மறைத்தலால் நோய் வளர்கின்றது. வளர்ந்த நோயோடு, தாம் இறைவனாற் கைவிடப்பட்டோம் என்னும் புதுத்துயரும் சேர்கின்றது. ஆகலின், பதற்ற நோய்க்கு மருத்துவ உதவி நாடுதல் பத்தி நெறிக்கு முரணாகுமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். அச்சம் எல்லாம் நோயன்று. பாம்பைக் கண்டு விலகுதலும், பழிக்கு அஞ்சித் தீவினை ஒழிதலும் உயிர்க்கு உறுதி பயப்பனவே. அஞ்சத்தக்கது இல்லாதவிடத்தும் அச்சம் எழுந்து, எழுந்தது அடங்காது, நெஞ்சு படபடத்து, வியர்த்து, உறக்கம் கெட்டு, அன்றாடக் கடமையும் குலையுமாயின் அது நோயின்பாற்படும். பலவற்றைக் குறித்து எழும் அடக்கவொண்ணாக் கவலை ஆறு திங்களுக்குக் குறையாமல் நீடித்து இத்தகைய குறிகளோடு வருமாயின், அதனைப் பொதுப் பதற்ற நோய் என்று இற்றை உளமருத்துவ நூலார் வகுப்பர். 2019-ஆம் ஆண்டில் 30 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பதற்ற நோய்வகைகளால் வருந்தினர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இத்துணைப் பேரும் பத்தியிற் குறைந்தமையால் நோயுற்றனர் என்று கூற எவரும் துணியார்.

இனி, இந்நோய் எதனைப் பற்றியது? நம் சித்தாந்தம் உயிர் வேறு, கருவிகள் வேறு என்று தெளிவுறுத்துவது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள். உயிர் அவற்றுள் ஒன்றன்று என்பதைச் சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரம் நிறுவுகின்றது. மாயேயமாகிய உடம்பு பழுதுறுதல் போல, மாயேயமாகிய மனமும் பழுதுறும். படலம் படர்ந்த கண்ணுடையான் திருமேனியைக் காணமாட்டாமைக்கு அன்பின்மை காரணமன்று. கருவிக் குறையே காரணம். அங்ஙனமே, பதற்றத்தால் ஒருவழி நில்லாத மனமுடையான் தியானத்தில் அமரமாட்டாமையும் கருவிக் குறையே. அன்பு உயிரின்கண் நிகழ்வது. நடுக்கம் கருவியின்கண் நிகழ்வது. இவ்விரண்டனையும் மயங்க வைத்து ஒன்றால் ஒன்றை அளத்தல் சித்தாந்தம் கற்றார்க்கு ஒவ்வாது.

அற்றேல், அடியார்கள் கூற்றுக்கும் அஞ்சாதிருந்தனரே எனின், அது திருவருள் நிறைந்த நிலையில் விளைந்த பயன். சரியையிற் கால் வைத்தானிடத்து அப்பயனைத் தேர்வுப் பொருளாக வைத்துக் கேட்டல், விதைத்த அன்றே கனி வேண்டுதலோடு ஒக்கும். மேலும், அடியார்க்கு நோய் வாராதென்பது நம் புராணத்திற் பெறப்படுவதும் அன்று. திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது உடன் வந்த அடியார்களையே பனிச்சுரம் பற்றியது. "உங்கள் பத்தி குறைந்தது" என்று பிள்ளையார் கடிந்தாரல்லர். நோய் நீங்கத் திருநீலகண்டப் பதிகம் அருளினார்.

அப்பதிகத்தின் தொடக்கமே நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு விடையாதல் காண்க. வந்த துன்பம் முன்னை வினையின் பயன் என்று தெரிந்திருந்தும் அதனினின்று உய்யும் நெறியைத் தேடாது வாளா இருப்பது குறையாகும் என்பதே ஆண்டுப் பெறப்படும் கருத்து. "பிராரத்தம் நுகர்ந்தே கழிய வேண்டும், மருத்துவம் எதற்கு?" என்பார் இதனை உற்று நோக்குவாராக. நோயைத் தருவது பிராரத்தமாயின், மருத்துவனும் மருந்தும் எதிர்ப்படுதலும் அதன் வழியதே. எத்துணைக் காலம் நுகரற்பாலது என்பதை அறியாத நாம், "இது தீராது" என்று துணிதற்கு உரிமையுடையேம் அல்லேம். திருவள்ளுவர் ஊழினை 38-ஆம் அதிகாரத்திற் கூறியவர், 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும், 95-ஆம் அதிகாரத்தில் மருந்தினையும் கூறினார். அன்பிற்கு எல்லையாய கண்ணப்ப நாயனாரும், இறைவன் கண்ணிற் குருதி கண்டபோது முதற்கண் காட்டிற் சென்று பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார். அது பயன்படாதவழியே தம் கண்ணை இடந்தார். மருந்து நாடியமை அவர் அன்பைக் குறைத்ததோ?

இனி, அம்மருத்துவத்தின் இயல்பைச் சிறிது கூறுவாம். பதற்றமுடையான் தான் அஞ்சும் இடத்தை விட்டு விலகுகின்றான். விலகியவுடன் ஆறுதல் பெறுகின்றான். அவ்வாறுதலே "விலகியதனாற் பிழைத்தேன்" என்னும் பொய்யறிவை உறுதியாக்க, அச்சம் மேலும் வேரூன்றுகின்றது. இவ்வேரை அகழ்தற்கு, உடலைத் தளர்வித்துக்கொண்டு அஞ்சும் பொருளை மனத்திற் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையை வோல்பே என்னும் மருத்துவர் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். தானே எழும் எண்ணங்களை மெய்யோ பொய்யோ என்று ஆராய்ந்து திருத்தும் முறையை ஆரன் பெக் 1960-களில் வகுத்தார். தளர்ச்சி நோய்க்கென எழுந்த அது பின்னர்ப் பதற்ற நோய்க்கும் விரிந்தது. திருவிழாக் கூட்டத்திற்கு அஞ்சி ஆலயமே செல்லாதிருப்பான் ஒருவன், முதலிற் கூட்டமில்லாப் பொழுதிற் கோபுர வாயிலிலும், பின்னர்ப் பிராகாரத்திலும், அதன்பின் வழிபாட்டு நேரத்திற் சந்நிதியிலும் நின்று பழகுவான். "இங்கு நின்றால் இறந்துபடுவேன்" என்ற எண்ணம் பொய்யாதலைத் தானே காண்பான். வேண்டுமிடத்து மருத்துவர் மருந்தும் தருவர். தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குதலாலும் இத்தகைய படபடப்பு வருமாதலின் உடலாய்வும் இன்றியமையாதது.

மடத்துச் சூழலில் வாழ்வார் சிறப்பாக உணரவேண்டியது ஒன்றுண்டு. மந்திர எண்ணிக்கை தவறியதோ என்று மீட்டும் மீட்டும் செபித்தலும், தூய்மை போதாதென்று பன்முறை நீராடுதலும், பூசையிற் பிழை நேர்ந்ததென அஞ்சிப் பலகாலும் தொடக்கத்தினின்றே செய்தலும் கண்டவிடத்து நாம் "என்னே ஆசாரம்!" என்று வியக்கின்றோம். செய்வானுக்கோ அதில் அன்பின் சுவை சிறிதும் இல்லை; செய்யாவிடின் கேடு வருமென்னும் நடுக்கமே உண்டு. இது பதற்ற நோய்க்கு அணித்தாய பிறிதொரு நோய். ஐயம் எழுந்தும் திரும்பச் செய்யாது நிற்கப் பழக்கும் முறையால் இதற்கும் பயன் உண்டென்பதை, 1966-ஆம் ஆண்டிலேயே மேயர் என்பார் எடுத்துக்காட்டினார். இத்தகையாரை ஆசிரியர் மேலும் கடுநியமத்திற் செலுத்துவாராயின், அது தீயில் நெய் சொரிதலாம்.

அங்ஙனமாயின் மருத்துவனே குருவோ எனின், அன்று. மருத்துவம் கருவியைச் செப்பம் செய்வது. ஆணவ மலத்தை நீக்க வல்லதன்று. பிறவி நோய்க்கு மருந்து திருவருள் ஒன்றே. அதனை உணர்த்துவார் ஞானாசிரியர். எனினும், ஆசிரியர் ஓலை எழுதச் சொல்லுமுன் மாணாக்கன் கை முறிந்திருப்பின், முறிவை இணைத்தலன்றோ முதற்கடன்? இருவர் தொழிலும் வேறு. ஒன்று மற்றொன்றனை மறுப்பதன்று. வழிபாடும் கூட்டுறவும் நோயாளர்க்குப் பெருந்துணையாம். துணையாவதைக் கொண்டு மருத்துவத்தை விலக்குதல் தகாது.

ஆகவே, கலங்கி வந்தாரைக் கண்டவழிப் பத்தியை அளக்கப் புகாது, துன்பத்தைக் கேட்டறிதலே சைவ நன்மக்கள் கடனாம். இந்திய நாட்டில் உளநல மருத்துவம் பெறுதல் 2017-ஆம் ஆண்டின் உளநலச் சட்டத்தால் உரிமையாக்கப்பட்டுள்ளது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் பணியின் 14416 என்னும் எண்ணில், தமிழிலேயே பேசி அறிவுரை பெறலாம். அவ்வெண்ணை மடத்து வாயிலிலும் பாடசாலைச் சுவரிலும் எழுதி வைத்தல் சிவத்தொண்டேயாம். "மருத்துவரிடம் செல்க; யாமும் உடன் வருவேம்" என்று ஓர் அடியார் கூறும் சொல்லின்கண்ணும் திருவருள் நின்று உதவும் என்பது நம் துணிபு.

திருச்சிற்றம்பலம்.