குதிரில் கிடக்கும் விதை

கோவை கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் ஜாப் வொர்க் பட்டறைகளில் தொண்ணூறுகளில் வாங்கிய சிஎன்சி மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் ஸ்க்ரூவை மாற்றிக் கொடுத்தால் இன்னும் பத்து வருஷம் உழைக்கும். ஆனால் அவற்றின் கன்ட்ரோலரில் யூஎஸ்பி கிடையாது. பக்கவாட்டு மூடியைத் திருகித் திறந்தால் 25 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அதோடு பேசுவதற்காகவே 2007 வாக்கில் வந்த கனத்த லேப்டாப் ஒன்றை வைத்திருக்கிறேன். பட்டறைக்காரர்கள் போன் செய்தால் கோளாறு என்னவென்று சொல்வதற்கு முன்பே, "ஏனுங்க, அந்தப் பழைய பொட்டிய எடுத்துட்டு வந்துருங்க" என்பார்கள்.

பொட்டியில் 9 பின் சீரியல் போர்ட் இருக்கிறது. விஜிஏ, டெலிபோன் ஒயர் செருகும் மோடம் ஓட்டை, ஓரத்தில் சின்னதாக ஒரு ஃபயர்வயர், இவையும் உண்டு. என் மகன் இதைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லி ஓய்ந்துவிட்டான்.

சீரியல் போர்ட்டின் விதிமுறையான ஆர்எஸ்-232 பிறந்தது 1960இல். 9 பின் வடிவத்தை ஐபிஎம் 1984இல் ஏடி கம்ப்யூட்டரில் கொண்டுவந்தது. பழைய கன்ட்ரோலர்கள் தங்கள் பாராமீட்டர்களை ஒரு பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்ததைக் கவனிக்காமல் மெயினை அணைத்தால், மறுநாள் காலையில் அந்த மெஷினுக்குத் தன் அச்சு எதுவரை நகரலாம் என்பதுகூடத் தெரியாது. அப்போது இரண்டு பக்கமும் மெயினை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகி, 4800 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்று இரு தரப்பையும் ஒத்துப்போக வைத்து, பேக்கப்பை அனுப்ப வேண்டும். முதல் வரியில் ஒரு சதவீதக் குறி, கடைசி வரியிலும் ஒன்று. மோல்டு வேலைக்கான பெரிய ப்ரோக்ராம் மெஷினின் நினைவில் அடங்காது. வரிவரியாக ஊட்ட வேண்டும். போதும் என்றால் மெஷின் ஒரு குறியீட்டை அனுப்பும், உடனே நிறுத்த வேண்டும். யூஎஸ்பி கன்வெர்ட்டர்களில் சில இடையில் தங்கள் பஃபரில் கிடப்பதையும் தள்ளிவிட்டுத்தான் நிற்கும். அதற்குள் வரிகள் தொலைந்துபோகும். பழைய போர்ட்டில் அந்தத் தொல்லை குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரின் பரபக்கத்தைப் பாடம் கேட்டோம். அதில் மற்ற சமயத்தாரின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுப்பார். சௌத்திராந்திகரான பௌத்தரின் முறை வந்தபோது, வகுப்பு நடத்தும் ஐயா பாடத்தைவிட்டுக் கொஞ்சம் விலகி, தர்மகீர்த்தி வழிவந்த ஒரு வாதத்தைச் சொன்னார். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தர்மகீர்த்திக்கு, ஏதாவது ஒரு விளைவைச் செய்யக்கூடியதுதான் உள்பொருள். அவர் வழியில் வந்தவர்கள் அதை ஒரு விதையை வைத்து இறுக்கினார்கள். குதிரில் கிடக்கும் விதைக்கு முளைக்கும் ஆற்றல் உண்டா? உண்டென்றால் இப்போதே முளைத்திருக்க வேண்டும், ஆற்றல் உள்ளது ஏன் தாமதிக்கிறது? இல்லையென்றால் வயலில் முளைத்தது வேறு விதை. ஆகவே ஒவ்வொரு கணமும் விதை புதிது. எதுவும் ஒரு கணத்துக்கு மேல் நிலைப்பதில்லை.

எனக்கு உடனே பொட்டிதான் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் எதோடும் சேராமல் கிடக்கிற அந்த ஒன்பது பின்களுக்கு ஆற்றல் இருக்கிறதா?

நியாய தரிசனத்தைச் சேர்ந்த நியாயவாதிகளின் பதில் என் தொழிலுக்கு ஒத்துவருகிறது. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிதிலையில் இருந்த உதயனர் ஆத்மதத்த்வவிவேகத்தில் பௌத்தரோடு மல்லுக்கு நிற்கிறார். விதை அதேதான், மண், நீர், வெப்பம் என்னும் துணைக்காரணங்கள் வந்து சேரவில்லை, அவ்வளவே என்பது அவர் கட்சி. பௌத்தர் விடமாட்டார். துணைகள் விதையில் எதையாவது கூட்டுகின்றனவா? கூட்டினால் முளைக்க வைத்தது கூடிய அந்த ஒன்று. கூட்டவில்லையென்றால் துணைகள் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பட்டறையில் நின்றே பதில் சொல்லலாம். கேபிளைச் செருகுவதால் போர்ட்டில் ஒன்றும் கூடுவதில்லை. விளைவு, சேர்ந்து நிற்கும் மொத்தக் கூட்டத்துடையது.

ஆனாலும் பௌத்தர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பின்னில் களிம்பு ஏறுகிறது, போர்டில் கெப்பாசிட்டர் காய்கிறது. 2007இல் வந்த போர்ட்தான் இது என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்? கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்வேன். 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் துண்டு ஒயரால் இணைத்து, டெர்மினலில் எக்கோவை அணைத்துவிட்டு ஓர் எழுத்தைத் தட்டுவேன். அனுப்பும் பின்னிலிருந்து போன எழுத்து வாங்கும் பின் வழியே திரும்பித் திரையில் வந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது. ஆக, ஒரு விளைவைச் செய்ய வைத்துத்தான் ஆற்றலை அறிகிறேன். அறியும் வழி அதுவென்பதால், ஒயரை எடுத்ததும் ஆற்றலும் போய்விட்டது என்று ஆகிவிடுமா என்ன?

வகுப்பில் ஒருவர், உயிரும் இந்த போர்ட் மாதிரிதான், எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகிறது என்றார். கேட்க நன்றாக இருந்தது, எனக்கு ஒப்பவில்லை. சித்தாந்தத்தில் உயிர் ஒருபோதும் வெறுமனே நிற்பதில்லை. உடலும் கருவிகளும் சேராத கேவல நிலையிலும் ஆணவ மலம் அதைப் பற்றியே இருக்கிறது. போர்ட்டோ ஒன்றுமில்லாமல் வெறுமனே கிடக்கக் கூடியது. என் சிக்கலே அங்கேதான்.

ஃபயர்வயரை எடுத்துக்கொள்வோம். அது ஐஇஇஇ 1394 என்ற பெயரில் 1995இல் தரமாக்கப்பட்டது. கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மினிடிவி டேப் கிடக்கிறது. அதில் பதிந்திருப்பதைப் பிட் பிசகாமல் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர இந்தச் சின்ன ஓட்டைதான் வழி. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், 13 ஜிபி அளவுக்கு வரும். கடையில் ஃபயர்வயரிலிருந்து யூஎஸ்பிக்கு என்று விற்கிற மலிவான முனைகள் வெறும் பிளாஸ்டிக்; அவற்றால் டேப்பிலிருந்து எதுவும் வராது. ஆப்பிள் 2025இல் வந்த மேக் மென்பொருளில் ஃபயர்வயரை விட்டுவிட்டது. இங்கே துணைக்காரணங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் டேப்பில் காந்தப்பூச்சு மங்கிக்கொண்டே வருகிறது. இந்த போர்ட்டின் காலம் டேப்பின் கையில் இருக்கிறது.

மோடம் ஓட்டைக்கு அதுவும் இல்லை. டயல்-அப் சேவை போனது, செம்புக் கம்பியும் போய் வீட்டுக்கு ஃபைபர் வந்தாயிற்று. நியாயவாதிகள் விளைவைத் தருவது ஒன்று, தரும் தகுதி மட்டும் இருப்பது ஒன்று என்று பிரிப்பார்கள். காட்டில் கிடக்கும் கோலுக்குக் குயவன் கைக்குப் போகாமலேயே சக்கரம் சுற்றும் தகுதி உண்டு. சரி, எங்கோ ஒரு குயவன் இருக்கிறான். உலகத்தில் கடைசிக் குயவனும் போய்விட்டால்? கோலில் ஒரு நார்கூட மாறவில்லை. ஆனால் தகுதி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகுதியில் பாதியாவது எதிர்முனையில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இந்த இடத்தில் உதயனரை விட்டுப் பிரிகிறேன்.

ஐயாவிடம் சொன்னேன். "அழிஞ்சதுன்னு சொல்லாதீங்க, ஒடுங்கிச்சுன்னு சொல்லுங்க" என்றார். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்கிற சற்காரியவாதம். ஒடுங்கியது மீண்டும் தோன்றினால்தானுங்களே ஒத்துக்க முடியும், டயல்-அப்பை யாருங்க திரும்பக் கொண்டுவரப் போறாங்க என்றேன். சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

உண்மையில் அதற்கும் ஒரு வழி உண்டு. இரண்டு பழைய லேப்டாப்பின் மோடங்களை டெலிபோன் ஒயரால் இணைத்து, நடுவில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் 300 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரும் தொடராகப் போட்டால் அதுவே லைன். டயல் டோனுக்குக் காத்திராதே என்று கட்டளை கொடுத்து, ஒன்றை டயல் செய்யவும் மற்றதைப் பதில் சொல்லவும் வைத்தால், இரண்டும் அந்தப் பழைய கீச்சொலியோடு பேசத் தொடங்கும். கோப்புகளைக்கூட அனுப்பலாம். விளைவு வந்துவிட்டது, ஆகவே தர்மகீர்த்தி அந்த ஓட்டையை உள்பொருள் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். கணபதிப் பட்டறைக்காரர் அதற்குக் கூலி தரமாட்டார்.