பிறர்மேல் சுமத்தப்படும் துறவு

மருத்துவமனைகளிலும் மருத்துவர்களின் தனிக் கிளினிக்குகளிலும் பணிபுரியும் செவிலியரின் ஊதியம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், இது தொண்டாயிற்றே, தொண்டுக்கு விலை பேசலாமா என்ற மறுப்பும் உடன் எழுவதால், சம்பளப் பட்டியலோடு முடிந்துவிடாத ஓர் அறவியல் கேள்வி முன்நிற்கிறது: ஒரு செயல் அறச்செயலாக இருக்கிறது என்பதனாலேயே அதைச் செய்பவரின் கூலி உரிமை குறைந்துவிடுமா?

நோயாளியின் அருகிருந்து பணிசெய்பவரைப் பழைய நூல்கள் மருத்துவத்தின் உறுப்பாகவே கருதின. சரக சம்ஹிதை, மருத்துவன், மருந்து, பணிவிடையாளர், நோயாளி ஆகிய நான்கையும் சிகிச்சையின் 'பாதங்கள்', அதாவது அதைத் தாங்கும் கால்கள், என்று வகுத்து, பணிவிடையாளருக்குப் பணியறிவு, செயல்திறன், அன்பு, தூய்மை என்னும் நான்கு தகுதிகளை விதிக்கிறது. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளும் அந்த நான்கு உறுப்புகளையே எண்ணுகிறது. இவ்வரிசையில் அன்பு, அறிவுக்கும் திறனுக்கும் இணையாக எதிர்பார்க்கப்படும் ஒரு தகுதியாக நிற்கிறதேயன்றி, ஊதியத்துக்கு ஈடாக வைக்கப்படவில்லை.

கூலியற்ற செவிலியர் என்ற கருத்துக்கு வலுவூட்டியது பெரும்பாலும் கிறித்தவத் துறவு மரபு. 1633இல் பிரான்சில் வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் நிறுவிய பெண்கள் சபையிலும், 1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் தியோடர் ஃபிளீட்னர் தொடங்கிய டீக்கனஸ் இல்லத்திலும், அதாவது திருச்சபைத் தொண்டுக்கென்று தம்மை ஒப்படைத்த புராட்டஸ்டன்ட் பெண்களின் இல்லத்திலும், சேர்ந்தவர்கள் சம்பளம் பெறவில்லை. ஆயினும் அவர்களுடைய உணவு, உடை, உறைவிடம், நோயிலும் முதுமையிலும் வேண்டிய பராமரிப்பு அனைத்துக்கும் அந்த அமைப்பே பொறுப்பேற்றது. துறந்தவருக்குக் காப்பு உண்டு என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்நிலை. 1860இல் லண்டனில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி தொடங்கிய பின், பயிற்சி பெற்றுச் சம்பளத்துக்கு உழைக்கும் செவிலியர் பெருகினர். ஆனால் சமூகம் அவர்களிடம் பழைய துறவு மனப்பான்மையைத் தொடர்ந்து எதிர்பார்த்துக்கொண்டே, அத்துறவைத் தாங்கிய காப்பை மட்டும் விட்டுவிட்டது. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருந்துச் செலவும் உள்ள ஒரு பெண்ணிடம், மடத்தில் வாழ்பவரிடம் கேட்கக்கூடியதைக் கேட்பது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

பகவத் கீதை கூறும் நிஷ்காம கர்மத்தை, அதாவது பலனில் பற்று வைக்காமல் செயலாற்றும் நெறியை, இதற்கு மறுமொழியாகச் சிலர் காட்டுவதுண்டு. அந்நெறி செயல்புரிபவர் தம் உள்ளத்துக்குத் தாமே விதித்துக்கொள்வது. பலனை விடு என்று தமக்குச் சொல்லிக்கொள்பவர் சாதகர், அதையே தம்மிடம் வேலை செய்பவருக்குச் சொல்லி, மிச்சமாகும் பலனைத் தாம் வைத்துக்கொள்பவர் துறவைப் போதிப்பவர் ஆகமாட்டார். பற்றின்மை என்பது பெற்ற ஊதியத்தின் மீதும் இருக்கக்கூடிய மனநிலையாதலால், ஊதியம் பெறுவதற்கு அது தடையும் அன்று.

மருத்துவமனைச் செவிலியரின் சுமை கண்ணுக்குத் தெரிவது: இரவு டூட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவின் இறுக்கம், கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர் என்று இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு ஏட்டில் இருக்க, நடைமுறையில் பன்மடங்கு நோயாளிகளைப் பார்க்க நேர்வது. அரசுப் பணியும் இதற்கு விலக்கன்று. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு வாரியம் வழியாக மாதம் ரூ. 7,700 தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் ஏதுமற்ற ஒட்டுமொத்தச் சம்பளத்தில், அமர்த்தப்பட்ட செவிலியர் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராட வேண்டியிருந்தது. கிளினிக்கில் இரவு டூட்டி இல்லை, பெரும்பாலும் ஞாயிறு விடுமுறை உண்டு என்பதால், குழந்தை வளர்க்கும் பெண்கள் பலர் குறைந்த சம்பளத்துக்கும் அதைத் தேர்கின்றனர். ஆனால் அங்கே டோக்கன் கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கணக்கெழுதுவது, சில வேளை தரை துடைப்பது வரை ஒருவரே செய்ய நேர்கிறது. வருங்கால வைப்பு நிதிச் சட்டவிதி பொதுவாக 20 பேரும் பணிக்கொடைச் சட்டவிதி 10 பேரும் வேலை செய்யும் இடத்தில்தான் பொருந்தும் என்பதால், மூன்று நான்கு பேர் உள்ள கிளினிக் இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. அங்கே உரிமையின் இடத்தை உறவு பிடித்துக்கொள்கிறது. நம் வீட்டுப் பெண் மாதிரி என்று சொல்லப்பட்டவர் சம்பள உயர்வு கேட்டால், அது நன்றி மறத்தலாகத் தோன்றுமாறு ஆகிவிடுகிறது. அந்த அன்பு பொய்யென்று கொள்ள வேண்டியதில்லை. உண்மையான அன்பே கேள்வியை அடைத்துவிடுகிறது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைகளில் 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 100க்கு மேல் இருந்தால் அதைவிட 10 விழுக்காட்டுக்கும், 50 முதல் 100 வரை இருந்தால் 25 விழுக்காட்டுக்கும் மிகாமல் குறைந்த ஊதியமும், 50க்குக் கீழ் குறைந்தது ரூ. 20,000உம் வழங்கப் பரிந்துரைத்தது. நிறுவனத்தின் தாங்குதிறனைக் கணக்கிடப் படுக்கை எண்ணிக்கை உதவும்; வாழ்க்கைத் தேவையை அது அளக்காது. 1891இல் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் திருத்தந்தை மடல், தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழ்பவரைத் தாங்க அது போதுமானதாக இருக்க வேண்டும் என்று வாதித்தது. படுக்கையே இல்லாத கிளினிக்கில் கிடைத்ததற்கு இசைந்த செவிலியரின் நிலைக்கு இவ்வாதம் முழுமையாகப் பொருந்தும்.

சிறு நகரங்களில் மிகக் குறைந்த கட்டணம் வாங்கி ஏழைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் வாழப் போதுமான அந்த ஊதியத்தைத் தர முடியாது என்ற மறுப்பு உண்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் அக்கட்டணக் குறைவை யார் தாங்குகிறார் என்று கேட்டாக வேண்டும். மருத்துவர் தம் வருவாயைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு அது அவருடைய கொடை. அதற்கு மேல் செவிலியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பகுதி, கேட்கப்படாமலே அவரிடமிருந்து எடுக்கப்பட்டு மருத்துவரின் பெயரில் வழங்கப்படும் கொடை. ஊருக்கு மலிவான சிகிச்சை தேவை என்றால், அதன் செலவை ஊரும் அரசும் ஏற்பதே முறை. அவ்விடத்தில் இருப்போரிலேயே மிகக் குறைவாகச் சம்பாதிப்பவரிடம் அதை ஒப்படைக்க எந்தச் சமயத்தின் பெயராலும் நியாயம் காட்ட இயலாது.