தடுப்பூசியும் உடந்தையும்

எம்ஆர்என்ஏ தடுப்பூசியைத் தயாரிக்க மனித செல் தேவையில்லை. கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்துக்கான மரபுக் குறிப்பு, பாக்டீரியாவில் பெருக்கப்பட்ட டிஎன்ஏவில் இருக்கிறது. நொதி ஒன்று அதைப் பார்த்து ஆர்என்ஏ இழைகளைச் செய்து தருகிறது. பிறகு அவை நுண்ணிய கொழுப்புத் துளிகளில் அடைக்கப்படுகின்றன. அறச்சிக்கல் எழுந்தது தயாரிப்பில் அல்ல, சோதனையில். உடலுக்குள் போன ஆர்என்ஏ உண்மையிலேயே புரதத்தை உண்டாக்குமா என்பதை முதலில் ஆய்வகச் செல்களில் பார்த்தாக வேண்டும். ஆய்வகத் தட்டில் வளரும் செல்கள்மீது அதை இட்டு, ஒரு நாள் போல விட்டு, ஸ்பைக் புரதம் தோன்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃபைசர், மாடர்னா இரண்டின் சோதனைகளிலும் இதற்குப் பயன்பட்டது எச்இகே 293 வகைச் செல்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் 1970களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்ட ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்தது அது. அலெக்ஸ் வான் டெர் எப்பின் ஆய்வகத்தில் ஃபிராங்க் கிரஹாம் 1973இல் அதை உருவாக்கினார். 293 என்பது அவருடைய பரிசோதனையின் வரிசை எண். கரு எதற்காகக் கலைக்கப்பட்டது என்பது தமக்குத் தெரியாது என வான் டெர் எப் பின்னாளில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் கூட்டத்தில் சொன்னார்.

கருக்கலைப்பைக் கொடிய பாவமாகக் கருதும் கத்தோலிக்கர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா? வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று வெளியிட்ட குறிப்பில் விடை சொன்னது. மாசற்ற மாற்று கிடைக்காத நிலையில், பெருந்தொற்றின் ஆபத்தைக் கருதி, போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது கருக்கலைப்புக்கு ஒப்புதல் ஆகாது. ஊசி அவரவர் விருப்பம். மறுப்பவர்கள் நோய் பரப்பாதிருக்க வேறு வழிகளைக் கைக்கொள்ள வேண்டும்.

இந்த விடைக்குப் பின்னால் நிற்பது, 18ஆம் நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரி செம்மைப்படுத்திய உடந்தைக் கோட்பாடு. பிறர் செய்யும் தீமையில் மனம் ஒப்பிச் சேர்வது எப்போதும் குற்றம். மனம் ஒப்பாமல், செயலால் மட்டும் தொடர்பு ஏற்பட்டால், அது எவ்வளவு தொலைவானது, தக்க காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொள்பவரின் தொடர்பு மிகத் தொலைவானது என்பதே பேராயத்தின் கணிப்பு. எல்லா ஆயர்களும் இதை ஏற்கவில்லை. கஜகஸ்தானின் துணை ஆயர் அத்தனாசியுஸ் ஷ்னைடர் உள்ளிட்ட சிலர், எவ்வளவு தொலைவானாலும் கூடாது என்று அறிக்கை விட்டனர்.

கேள்வியை உடந்தை என்ற சட்டகத்துக்குள் அடைப்பதுதான் பொருந்தவில்லை. எப்போதோ முடிந்துவிட்ட செயலுக்கு இன்று யாரும் துணைபோக முடியாது. அமெரிக்க இறையியலாளர் கேத்லீன் கேவனி, பிறர் தீமையின் விளைவை நமதாக்கிக்கொள்வதைத் தனிச் சிக்கலாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர். அப்படிப் பார்த்தால் கேட்க வேண்டியவை வேறு: அந்தப் பயனை எடுப்பவர் பழைய தீமையைச் சாதாரணமாக்குகிறாரா? இனியும் அப்படிச் செய்யத் தூண்டுகிறாரா? எச்இகே 293 பல்லாண்டுகளாகத் தானே பெருகி வருகிறது. அதற்காகப் புதிய கரு தேவைப்படவில்லை. ஆகவே இரண்டாம் கேள்விக்கு விடை பெரும்பாலும் ‘இல்லை’. முதல் கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. பழகிப்போனது எதுவும் கண்ணில் படுவதில்லை.

தயாரிப்புக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாடும் கவனிக்கத்தக்கது. கோவிஷீல்டின் வைரஸ் வளர்க்கப்பட்டதே எச்இகே 293 செல்களில்தான். ஜான்சன் தடுப்பூசியும் கருவழி வந்த இன்னொரு செல்லில் தயாரானது. 2021 மார்ச்சில் அமெரிக்க ஆயர் பேரவை, தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஜான்சனை விட்டு எம்ஆர்என்ஏ ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு முன்பே, ஜனவரியில், ஃபைசர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

மனச்சான்றுக்கு நெருடல் தராத தடுப்பூசிகளைத் தயாரிக்க மருந்து நிறுவனங்களும் அரசுகளும் முன்வர வேண்டும் என்றும் பேராயத்தின் குறிப்பு கேட்டிருந்தது. ஊசி போட்டுக்கொள்ளலாமா என்ற விவாதத்தில் அந்தப் பகுதிதான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது.