வாயைத் திறங்கள் சார், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை

எலியட்ஸ் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நடக்கிறவர்கள் எதற்கும் கூச்சப்படுவதில்லை. சர்க்கரை எவ்வளவு, ஸ்டென்ட் எத்தனை, மலச்சிக்கலுக்கு எது கேட்கும் என்பதெல்லாம் அங்கே உரத்த குரலில் ஓடும். அறுபதைத் தாண்டியவர்களின் பேச்சில், புரோஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை தரும் பிஎஸ்ஏ எண்ணும் வந்துவிட்டது. "எனக்கு ஆறரை சார், உங்களுக்கு?" அதோடு சரி. பயாப்ஸி எடுத்த பிறகு படுக்கையறையில் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதில்லை.

2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள். மகளின் கல்யாணத்துக்கு வங்கி மேலாளரிடம் வாதாடிக் கடன் வாங்கியவர். அப்படிப்பட்டவர் டாக்டர் முன்னால் "விறைப்பு சரியாக வருவதில்லை" என்று சொல்லமுடியாமல் தலையைக் குனிவதா? என்ன அநியாயம் இது!

பயத்துக்குக் காரணம் பாதி அறியாமை. அதை முதலில் அடித்து விரட்டுவோம். புரோஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சிறிய சுரப்பி. விறைப்புக்கான நரம்புகள் அதன் இருபுறமும் ஒட்டியபடி ஓடுகின்றன. பயாப்ஸி என்றால் ஆசனவாய் வழியாகவோ, அதற்கும் விதைப்பைக்கும் இடைப்பட்ட தோல் வழியாகவோ ஊசி விட்டு, வழக்கமாகப் பன்னிரண்டு இடங்களில் துணுக்கு எடுப்பார்கள். அதன் பிறகு சில வாரங்களுக்கு விந்து சிவப்பாகவோ துருப்பிடித்த பழுப்பாகவோ வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் எந்த ஆம்பளையும் நடுங்கித்தான் போவான். மனைவிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பாயைத் தனியே விரிப்பான். அது பழைய ரத்தம், தானாகவே நின்றுவிடும். விறைப்பும் சிலருக்குச் சில வாரங்கள் தளரும். பெரும்பாலும் ஓரிரு மாதங்களில் திரும்பிவிடுகிறது. பயாப்ஸியைத் திரும்பத் திரும்ப எடுத்தால் நீண்டகாலப் பாதிப்பு உண்டா என்பதில் மட்டும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. (குளிர்க்காய்ச்சல் வந்தால் அது வேறு கதை. அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.)

இங்கே இரண்டு கோழைத்தனங்களைப் பார்க்கிறேன். ஒன்று, "ஆண்மை போய்விடும்" என்று பயந்து பரிசோதனைக்கே போகாமல் ஒளிந்துகொள்வது. நம் நாட்டில் புரோஸ்டேட் புற்றுநோய் பலருக்கு எலும்புவரை பரவிய பிறகே தெரியவருகிறது. இரண்டாவது, கேன்சர் என்ற சொல்லைக் கேட்டதுமே "வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்று மேஜையில் படுத்துவிடுவது. பார்க்க வீரம்போல் இருக்கும். உள்ளே இருப்பது பதற்றம்.

பிரிட்டனில் புரொடெக்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் உள்ள, ஐம்பது முதல் 69 வயது வரையிலான 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். தொடக்கத்தில் உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் நூற்றுக்கு 67 பேர். ஆறு மாதம் கழித்து அறுவைப் பிரிவில் அது 12 ஆக விழுந்தது, கதிர்வீச்சில் 22. கண்காணிப்பில் 52. ஆறாவது வருடத்தில் கண்காணிப்புப் பிரிவிலும் 30 ஆகிவிட்டது. வயது தன் வேலையைச் செய்கிறது, சிலர் இடையில் சிகிச்சைக்கும் மாறினார்கள். 2023இல் பதினைந்து வருடக் கணக்கு வந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது கூடுதல் என்பதையும் மறைக்கமாட்டேன்: நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல், மற்ற பிரிவுகளில் ஐந்து பேர் அளவில். அதனால்தான் கண்காணிப்பை "சும்மா இருப்பது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேதி தவறாமல் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, தேவைப்படும்போது பயாப்ஸி என்று விழித்திருக்கிற வேலை அது. தீவிரம் குறைந்த வகை என்று டாக்டர் சொன்னால், "கண்காணிப்பில் வைக்கமுடியுமா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள்!

ஊசியைக் குறைக்கவும் வழி வந்திருக்கிறது. லண்டன் மருத்துவர் வீரு காசிவிஸ்வநாதன் முன்னின்று நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. முதலில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 28 ஆண்களுக்குப் பயாப்ஸியே தேவைப்படவில்லை.

இன்னொன்று. குற்றவாளி ஊசியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சிறுநீர் தடையில்லாமல் போகத் தரும் டாம்சுலோசின் மாத்திரையால் விந்து வெளிவராமல் போகலாம். டூட்டாஸ்டிரைடு, ஃபினாஸ்டிரைடு ஆசையையும் விறைப்பையும் குறைக்கலாம், போதாததற்கு பிஎஸ்ஏ எண்ணையும் ஏறக்குறைய பாதியாகக் காட்டும். மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பிஎஸ்ஏவுக்கு ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு நாள் உறவைத் தள்ளிவையுங்கள், எண் பொய்யாக ஏறாமல் இருக்கும். இதைக்கூட வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டு, ஏறிய எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு.

நீங்கள் வாயை மூடிக்கொள்வதால் யாருக்கு லாபம் தெரியுமா? நள்ளிரவு டிவியில் "நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்கிறவருக்கு. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவருக்கு. அந்தமாதிரிச் சரக்குகளில் விறைப்பு மருந்தான சில்டெனாஃபில் கலந்திருந்ததைப் பல நாட்டுப் பரிசோதனைக்கூடங்கள் பிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் போடுகிறவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதே மருந்தை இதயத்தைப் பரிசோதித்து, அளவு பார்த்து டாக்டர் முறையாக எழுதித் தருவார். வெட்கம் உங்களை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

ஒருகாலத்தில் கேன்சர் என்ற பெயரையே நம் வீடுகளில் உச்சரிக்கமாட்டார்கள். தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த வாயடைப்புக்கு அடங்கவில்லை. 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' ஓடியபோது டாக்டர் மாத்ருபூதம் சிரித்த முகத்தோடு தாம்பத்தியத்தைப் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டாவது தமிழ்நாடு அதைப் பார்த்தது. ஊரே கேட்ட பேச்சை நாலு சுவருக்குள் ஒரு டாக்டரிடம் பேச உங்களுக்கு என்ன தடை?

வீட்டம்மாவிடமும் சொல்லுங்கள். நீங்கள் விலகிப் படுப்பதை அவர் கோபம் என்றோ, தன் வயதைக் கண்ட சலிப்பு என்றோ எடுத்துக்கொண்டிருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு அவருக்கும் உடம்பில் வலியும் வறட்சியும் இருந்திருக்கும், அவரும் சொல்லியிருக்கமாட்டார். அடுத்த முறை யூராலஜிஸ்டிடம் அவரையும் கூட்டிப்போங்கள்.

போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். விறைப்பை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 25 மதிப்பெண். பயாப்ஸிக்கு முன்பே அதைக் கேட்டு வாங்கி, உண்மையை நிரப்பி, ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி நிரப்புங்கள். எண் இறங்கியிருந்தால் சிகிச்சை கேளுங்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும், "ஆண்ட்ராலஜிஸ்டுக்கு எழுதிக்கொடுங்கள்" என்று சொல்லி, சீட்டு கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.